சோதனைக் கூலி

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நடந்தால், "என்ன சார் வேணும்?" என்று கடைக்குக் கடை கேட்பார்கள். பழைய பாட்டுக் கருவிகளைச் சரிசெய்யும் ஒருவரைப் பார்க்க, அங்கே ஒரு குறுகிய மாடிப்படி ஏறினேன்.

அவர் மேசையில் ஓர் ஐபாட் கிளாசிக் கிடந்தது. எதை அழுத்தினாலும் திரையில் வெளிச்சமில்லை. "செட்டு டெட்டுன்னு சொல்லிட்டாங்க தம்பி. உள்ள இருக்கிற கச்சேரியெல்லாம் போயிடுமா?" என்றார், அதைக் கொண்டுவந்த பெரியவர்.

"டெட்டுங்கிறத கடைசியாத்தான் சார் சொல்லணும்."

ஐபாட் 2001இல் 5 ஜிபி கொள்ளளவோடு வந்தது. கிளாசிக் விற்பனை 2014இல் நின்றது. 2022இல் ஐபாட் வரிசையே முடிவுக்கு வந்தது. இந்த மேசைக்கு வரும் கிளாசிக் எல்லாமே பத்து வயது தாண்டியவை.

மெக்கானிக் கருவியைத் திறக்கவில்லை. முதலில் மேல் விளிம்பிலுள்ள ஹோல்டு சுவிட்சைப் பார்த்தார். அது பூட்டியிருந்தால் எந்தப் பொத்தானும் கேட்காது. அடுத்து, சார்ஜர் துளையில் அடைந்திருந்த தூசியைப் பிரஷால் எடுத்தார். தன் கேபிளையே செருகி ஓரமாக வைத்தார். "அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது."

லித்தியம் பேட்டரி வெகுநாள் சும்மா கிடந்தால் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். அப்போது முழு மின்சாரத்தையும் செலுத்துவது ஆபத்து. அதனால் சார்ஜ் சுற்று முதலில் சொற்பமாகத்தான் விடும். திரை எரிய அது போதாது. அந்த இடைவெளியில்தான் பலர் கருவியைக் கைவிடுகிறார்கள்.

அரை மணி கழிந்ததும் ஹோல்டைத் தள்ளி மீட்டார். மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து 8 வினாடி போல அழுத்தினார். ஆப்பிள் சின்னம் வந்தது. கருவியைக் காதில் வைத்துக் கேட்டார். "டிஸ்க் சீரா சுத்துது. டக் டக்னு தட்டினாத்தான் கவலை."

பாட்டுப் பட்டியல் வந்தது. பெரியவர் முகம் மலர்ந்தது. இப்படிச் செய்யும் ரீசெட்டில் பாட்டு எதுவும் அழியாது. கணினியில் செருகி ரீஸ்டோர் கொடுத்தால் அத்தனையும் போய்விடும்.

கேபிளைப் பிடுங்கியதும் கருவி அணைந்தது. பேட்டரி தேய்ந்திருப்பது உறுதியான பிறகே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் நுழைத்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தார். மூடியை வெடுக்கென்று இழுத்தால் போர்டுக்குப் போகும் ஸ்ட்ரிப் கிழிந்துவிடும். பாட்டெல்லாம் டிஸ்க்கில் இருப்பதால் பேட்டரியை மாற்றுவதில் இழப்பொன்றும் இல்லை.

"பேட்டரிக்குக் காசு கேட்டா தந்துடுவாங்க. பட்டன் அமுக்கியே சரியாயிட்டா, அதுக்குப் போய் காசான்னு கேட்பாங்க," என்றார்.

அந்தக் கேள்வி நியாயமில்லை. எதை முதலில் பார்ப்பது, எதுவரை திறக்காமல் பொறுப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் படிப்பு. அதற்கு ரசீதில் சோதனைக் கூலி என்று தனி இடம் வேண்டும். பாகம் எதையும் மாற்றாமல் சரியான கருவிக்கும் அந்தக் கூலியை நாம் தர வேண்டும். தராவிட்டால், தேவையில்லாத பாகத்தை மாற்றிக் காசு வாங்குபவர்தான் இந்தத் தெருவில் பிழைப்பார். பொறுமையாகச் சோதிப்பவர் கடையை மூடிவிட்டுப் போவார்.