மூன்று வருடம், மூன்று கோச்

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கோச்சை மாற்று என்பதுதான் முதல் யோசனை. பெரும்பாலும் கடைசி யோசனையும் அதுவே. சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழத்துக்கு விலை பேசிக்கொண்டே இதைச் சொல்கிறவரும் உண்டு. கல்லூரி நிர்வாகக் குழுவில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சொல்கிறவரும் உண்டு. இரண்டு பேருக்கும் வித்தியாசம், பின்னவர் சொன்னால் அது நடந்துவிடும்.

என் தம்பி மகன் படிக்கும் கல்லூரியில் அது மூன்று வருடமாக நடந்தது. எங்கள் மலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்ப் படிக்கிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். முதல் வருடம் ஒருவர், இரண்டாம் வருடம் ஒருவர், இப்போது இன்னொருவர். தீபாவளிக்கு வந்தபோது, "இந்த வருசமும் சாரை மாத்திட்டாங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தான். வருத்தம்கூட இல்லை. பஸ் நேரம் மாறிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னான்.

அவன் எப்படி ஆடுவான் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சமதரை என்பதே அபூர்வம். அறுப்பு முடிந்த ஏதாவது ஒரு வயல்தான் மைதானம். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் கழி நட்டால் கோல் போஸ்ட். கோட்டைத் தாண்டினால் பந்து வரப்பில் எகிறி, கீழே இருக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் உருண்டுவிடும். யார் காலில் பட்டுப் போனதோ அவன்தான் இறங்கி எடுத்துவர வேண்டும். அதனால் இங்கே வளரும் பையன்கள் பந்தை ஓங்கி உதைக்கப் பயப்படுவார்கள். வருகிற பந்தைக் காலடியிலேயே கட்டிப்போட்டு, பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிவிடுவார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, சரிவு சொல்லித் தந்தது.

முதல் கோச் இதைக் கவனித்திருக்கிறார். இவனை டிஃபன்ஸில் நிறுத்தி, கோல்கீப்பரிடமிருந்து பந்தை வாங்கிச் சின்னச் சின்ன பாஸாக மேலே கொண்டுபோகப் பழக்கினார். பழகும்போது தப்பு வரும். நம் கோலுக்கு முன்னாலேயே தப்பு வந்தால் அது கோலாகிவிடும். அப்படிச் சில ஆட்டம் தோற்றார்கள், அவர் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு உயரமான பையன்கள் வேண்டும். பந்தை வானத்துக்கு அடி, முன்னால் நிற்பவன் தலையில் முட்டட்டும் என்பது அவர் கணக்கு. எங்கள் பையன் பெஞ்சுக்குப் போனான். மூன்றாமவர் வந்த நாளிலிருந்து மைதானத்தைச் சுற்றி ஓட விடுகிறார். பந்து எப்போது வரும் என்று இன்னும் தெரியவில்லை.

கிளப் அணிக்கும் கல்லூரி அணிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிளப்பில் நல்ல ஆட்டக்காரனை எட்டு, பத்து வருடம் வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் பட்டப்படிப்பு மூன்று வருடம், அவ்வளவுதான். முதல் வருடம் பையனுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவே சரியாகப் போய்விடும். இரண்டாம் வருடம் ஆடத் தொடங்குவான். மூன்றாம் வருடம் அணியே அவன்மேல் நிற்கும், பிறகு சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுவான். நடுவில் செமஸ்டர் தேர்வு வேறு. ஆகவே கல்லூரி அணியில் ஆட்டக்காரர்களை நம்பிக் காத்திருக்க முடியாது. தொடர்ந்து இருக்கக்கூடியவர் கோச் ஒருவர்தான். அவரையும் ஜூன் முதல் மார்ச் வரை தொகுப்பூதியத்தில் வைத்துக்கொண்டால், அணி என்று சொல்ல அங்கே ஜெர்சி மட்டும்தான் மிச்சம்.

கல்லூரி ஆட்டத்துக்கு உலகத்திலேயே அதிகம் பித்துப் பிடித்த நாடு அமெரிக்கா. அவர்கள் புட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். காலுக்கு அதில் வேலை குறைவு, பெயர் மட்டும் அது. ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானங்களைப் பல்கலைக்கழகங்களே வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்து அணி ஊர் சிரிக்கும் நிலையில் இருந்தது. 1986 அக்டோபரில் ஓர் ஆட்டம் ஜெயித்ததோடு சரி. 1987 முழுக்க ஒரு டிரா, மற்றதெல்லாம் தோல்வி. 1988-ல் பதினொன்றுக்குப் பதினொன்றும் தோல்வி. மொத்த வரலாற்றில் 500 ஆட்டங்களைத் தோற்ற முதல் பெரிய அணி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அயோவா அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த பில் ஸ்னைடர் என்பவரை அந்த நேரத்தில் கூட்டிவந்தார்கள். வயது 49. அதற்கு முன் எந்தப் பல்கலைக்கழக அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை.

முதல் வருடம் அவர் என்ன சாதித்தார்? 11 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. அதுவும் நார்த் டெக்சாஸ் அணியோடு, கடைசி நொடியில், 20-17. நம் ஊராக இருந்தால் மார்ச்சில் மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள். அவர்கள் விட்டுவைத்தார்கள். அடுத்த வருடம் ஐந்து வெற்றி, அதற்கடுத்து ஏழு. 1992-ல் திரும்பவும் ஐந்துக்கு இறங்கியது. இந்த இறக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏறிக்கொண்டே இருப்பவரிடம் பொறுமை காட்டுவது சுலபம். ஏறி, சறுக்கியவரை வைத்துக்கொள்ளத்தான் நெஞ்சில் தைரியம் வேண்டும். 1993-ல் ஒன்பது வெற்றி, கூடவே பருவ இறுதி பவுல் ஆட்டத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் வெற்றி. 1998-ல் வழக்கமான பருவத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை.

ஸ்னைடரை மகானாக்க எனக்கு விருப்பமில்லை. லீக்குக்கு வெளியே எளிய அணிகளாகப் பார்த்து ஆட்டம் வைத்துக்கொள்கிறார் என்று அவரைக் கேலி செய்தவர்கள் நிறைய. கேலியில் உண்மையும் இருந்தது. ஆனால் 30 ஆட்டம் வெற்றியே பார்க்காத பையன்களுக்கு, ஜெயித்தால் எப்படி இருக்கும் என்று முதலில் காட்ட வேண்டாமா? பெரிய அணிகள் சீந்தாத இரண்டாண்டுக் கல்லூரிகளில் தேடிப் போய் ஆட்டக்காரர்களை எடுத்தார். தன்னிடம் வர மாட்டேன் என்கிற பெரிய இடத்துப் பிள்ளைகளின் வாசலில் அவர் காத்து நிற்கவில்லை. 2005-ல் அவர் ஓய்வு பெற்றதும் வேறொருவரை நியமித்தார்கள். மூன்று பருவத்தில் 17 வெற்றி, 20 தோல்வி. 2009-ல் கிட்டத்தட்ட எழுபது வயதில் ஸ்னைடரையே திரும்ப அழைத்தார்கள். 2012-ல் லீக் பட்டத்தில் பங்கு கிடைத்தது. தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. இடம் அதேதான், வேறொருவர் வந்தபோது அணி நிமிரவில்லை, பழைய ஆள் திரும்பியதும் நிமிர்ந்தது.

வர்ஜீனியா டெக் அணியின் ஃபிராங்க் பீமர் கதை இன்னும் கொஞ்சம் கூர்மையானது. 1987-ல் தான் படித்த பல்கலைக்கழகத்துக்கே பயிற்சியாளராக வந்தவர். ஆறாம் வருடமான 1992-ல் இரண்டே வெற்றி, எட்டுத் தோல்வி, ஒரு டிரா. ஆறு வருடம் கொடுத்தாயிற்று, போதும் என்று சொன்னால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. ஆனால் உதவியாளர்களில் சிலர் மாற்றப்பட்டார்கள். மறுவருடம் ஒன்பது வெற்றி. அதிலிருந்து 2015-ல் ஓய்வு பெறும் வரை 23 வருடமும் அணி பவுல் ஆட்டத்துக்குப் போனது. காத்திருந்தார்கள், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை.

நமக்குப் பழக்கமான கால்பந்துக் கதைக்கு வருவோம். சென்னையின் எஃப்.சி. 2015-ல் இத்தாலியின் மார்கோ மாத்தராஸி பயிற்சியில் லீக்கின் அடித்தட்டில் கிடந்து, கடைசி ஆட்டங்களை வரிசையாக ஜெயித்து மேலே வந்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய டிசம்பர் அது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி, இறுதியில் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. எங்கள் செம்மேட்டு டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சுத்தான். மறுவருடம் ஏழாவது இடம், மாத்தராஸி போனார். ஜான் கிரிகரி வந்தார். 2018 மார்ச்சில் பெங்களூரை, பெங்களூரிலேயே, மறுபடி 3-2. இரண்டாவது கோப்பை.

அதற்கடுத்த பருவம் பத்து அணியில் பத்தாவது இடம். 18 ஆட்டத்தில் இரண்டு வெற்றி. நம்ப முடியாத விஷயம், கிளப் கிரிகரியை வைத்துக்கொண்டது. பொறுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? கிடைக்கும், ஏனென்றால் அந்தப் பொறுமை பலிக்கவில்லை. 2019-20-ல் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றியோடு அவர் விலகினார். ஓவன் காய்ல் வந்தார். பருவம் நடுவில் இருந்தது, ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள். அந்த அணி இறுதி வரை போய், கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றது.

அப்படியானால் மாற்றியதுதான் சரியா? காய்ல் போன பிறகு நடந்ததைப் பாருங்கள். சாபா லாஸ்லோ வந்தார், எட்டாவது இடம். போஜிதார் பான்டோவிச் வந்தார், பருவம் முடியுமுன்பே அனுப்பப்பட்டார், எட்டாவது இடம். தாமஸ் பிரடாரிச் வந்தார், மறுபடி எட்டாவது இடம். மூன்று வருடத்தில் மூன்று நாட்டுக்காரர்கள், மூன்று விதமான ஆட்டம், பட்டியலில் ஒரே வரி. 2023-ல் காய்லையே திரும்பக் கூட்டிவந்தார்கள். ஆறாவது இடம் பிடித்து பிளே-ஆஃப் போனது. அதற்கடுத்த வருடம் பதினோராவது இடத்துக்கு இறங்கியது. திரும்பி வந்த ஸ்னைடருக்குப் பலித்தது, திரும்பி வந்த காய்லுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பலிக்கவில்லை.

இதிலிருந்து ஒரு சூத்திரம் எடுக்கலாம் என்று முயன்றால் கிடைக்காது. கிரிகரி விலகியது நல்லதாகப் போயிற்று. பீமரை வைத்துக்கொண்டதும் நல்லதாகப் போயிற்று. பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியாது, இருவரும் தரையில் கிடந்தவர்கள். வித்தியாசம் மைதானத்தில் இருக்கிறது. தோற்ற அணி எப்படித் தோற்றது என்று நின்று பார்த்தவருக்குத்தான் அது தெரியும். பழகிக்கொண்டிருக்கும் ஒன்றில் சறுக்கித் தோற்பது வேறு, என்ன செய்வதென்றே தெரியாமல் தோற்பது வேறு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு இறங்கியிருந்தார்கள். பயிற்சியாளர், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம். பத்து கோல் வாங்கிய அந்த மனிதர்தான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணியை நான்காம் இடம் வரை கொண்டுபோனார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கினார். அந்த இறுதியில் டிஃபன்ஸ்காரரான ஜர்னைல் சிங்கை, தலையில் தையலோடு, ஃபார்வர்டாக இறக்கினார். தென் கொரியாவுக்கு எதிரான இரண்டு கோலில் ஒன்று அவருடையது. பையன்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு மட்டும் வரும் துணிச்சல் அது.

எங்கள் மலையில் சாமையும் தினையும் விளைந்த காடுகளில் இப்போது குச்சிக்கிழங்கு நிற்கிறது. பத்து மாதத்தில் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கீழே சேகோ ஆலையில் காசு. மிளகு அப்படி இல்லை. சில்வர் ஓக்கில் கொடி ஏற்றிவிட்டு மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகக் கிழங்கு போட்டவனை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். அவனுக்குப் பள்ளிக் கட்டணம் இந்த ஜூனில் கட்டியாக வேண்டும். கல்லூரிக்கு அப்படி என்ன அவசரம் என்பதுதான் என் கேள்வி. அடுத்த மண்டலப் போட்டியில் தோற்றால் எந்தக் கட்டடமும் இடிந்து விழாது. வெளியூரிலிருந்து ஏற்கெனவே ஆடத் தெரிந்த நாலு பையன்களை ஒதுக்கீட்டில் அள்ளிவந்து ஒரு கோப்பை வாங்கி, முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம். மூன்றாம் வருடம் அவர்கள் போனதும் அலமாரி மட்டும் இருக்கும்.

என்னைக் கேட்டால், காத்திருப்பது கோச்சைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே ஆரம்பிக்கிறது. பாட்டியாலாவில் வாங்கிய பயிற்சியாளர் டிப்ளமா இருக்கிறதா, ஏ.எஃப்.சி. லைசென்ஸ் எந்த நிலை, எத்தனை கோப்பை என்று கேட்பார்கள். கேட்கட்டும், தேவைதான். கூடவே ஒரு நாள் பயிற்சி எடுக்கச் சொல்லி ஓரமாக நின்று பார்க்கலாம். தப்பு செய்த பையனிடம் அவர் போய் என்ன பேசுகிறார் என்பதில் பாதி தெரிந்துவிடும். யாரை உதவிக்கு வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்கலாம், பீமரைக் காப்பாற்றியது அதுதான். சேர்த்த பிறகு மூன்று வருடம், அதாவது ஒரு பேட்ச் உள்ளே வந்து வெளியே போகும் வரை விட்டுவைக்கலாம். நடுவில் போட்டி முடிவை மட்டும் பார்க்காமல், முதல் வருடத்துப் பையன்கள் எத்தனை பேர் இரண்டாம் வருடமும் மைதானத்துக்கு வருகிறார்கள் என்று எண்ணலாம். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் மூன்று வருடம்கூடக் காத்திருக்க வேண்டாம், தயங்காமல் அனுப்பிவிடலாம்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். "நான் போறதுக்குள்ள இதெல்லாம் எங்க பெரியப்பா நடக்கப் போவுது?" என்றான். நியாயம்தான், அவனுக்கு இது கடைசி வருடம். ஆனால் அடுத்த ஜூனில் இங்கிருந்து இன்னும் இரண்டு பையன்கள் அதே கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். அவர்கள் அப்பாக்கள் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் விசாரித்தாயிற்று. கோச்சின் ஒப்பந்தம் எத்தனை மாதம் என்றும் அலுவலகத்தில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.