ராணியைப் பெட்டியில் போடுகிறவர்கள்

சதுரங்கத்தில் கைதேர்ந்தவர்களுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவன் கற்றுக்குட்டி என்றால், தம்முடைய ராணியையோ ஒரு யானையையோ எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு ஆடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது தர்மம் மாதிரித்தான் தெரியும். வாங்கிக்கொள்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

ஏற்காட்டில் ஒரு தடவை அதைக் கண்ணால் பார்த்தேன். ஐப்பசி மாதம். நாலு மணிக்கே மேகம் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், சதுரங்கத்தில் சூரர். சமையற்கார அம்மாளின் பிள்ளை, பன்னிரண்டு வயதுப் பையன், எதிரே உட்கார்ந்தான். பெரியவர் வழக்கம்போல் ராணியை எடுத்தார். பையன் அதை வாங்கி அதன் கட்டத்திலேயே திரும்ப வைத்தான்.

"இருக்கட்டுங்க ஐயா. எல்லாத்தையும் வெச்சே ஆடுங்க."

"தோத்துப் போயிடுவியேடா!"

"இது இல்லாம நான் ஜெயிச்சா, நீங்க விட்டுக் குடுத்தீங்கன்னுதானே சொல்லுவாங்க?"

பையன் தோற்றான், சீக்கிரமே தோற்றான். அழவில்லை. "எங்கேங்க ஐயா கோட்டை விட்டேன்?" என்று கேட்டான். பெரியவர் காய்களைத் திரும்ப அடுக்கி, முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். காப்பி ஆறிப் போயிற்று. ராணியில்லாமல் ஆடிய நாட்களில் அவர் ஒரு தடவைகூட இப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லையாம்.

எனக்கு மானுவேல் ஆரனின் நினைவு வந்தது. தமிழ்நாட்டில் வளர்ந்து, 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். மறு வருஷம் ஸ்டாக்ஹோமில், உலகப் பட்டத்துக்குப் போட்டியிடுபவரைப் பொறுக்கும் பந்தயத்தில் ஆடினார். மொத்தம் 23 பேர். முதலாவதாக வந்தவர் பாபி ஃபிஷர். கடைசியாக வந்தவர் ஆரன். ஆனால் அதே பந்தயத்தில் ஹங்கேரியின் போர்ட்டிஷும் கிழக்கு ஜெர்மனியின் உல்மானும் ஆரனிடம் தோற்றார்கள். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். ஒரு சிப்பாயைக்கூட அவர்கள் இவருக்காக எடுத்து வைக்கவில்லை. அதனால்தான் அந்த இரண்டு வெற்றிகளும் இன்றைக்கும் பேச்சில் நிற்கின்றன.

பிற்பாடு ஆரன் சென்னையில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். அங்கே ஆடிப் பழகிய சிறுவர்களில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

வலியவர்கள் எளியவர்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்: முழுப் பலத்தோடு ஆடுங்கள், ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ராணியைப் பெட்டியில் போட ஒரு நொடி போதும். எங்கே தோற்றான் என்று உட்கார்ந்து காட்டுவதற்கு ஒரு மாலைப் பொழுது வேண்டும்.