பழைய படகும் ஒரு சின்னத் துளையும்

பழைய மோட்டார் படகைக் குறைந்த விலைக்கு வாங்கி, சரிசெய்து ஓட்டலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் இந்தப் பதிவை முழுதாகப் படித்துவிடுங்கள். படகே வேண்டாம் என்பவர்களும் படிக்கலாம். இதில் ஒரு இதய நோயாளியும் இருக்கிறார். அவர் என் அப்பா.

அப்பா தொண்டிப் பக்கம் மீன்பிடித்தவர். அவர் தன் வத்தையை விற்ற வருடம்தான் நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அவருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்துத் தேறினார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கடலுக்குப் போயி எத்தன வருசமாச்சு" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரமே படகு தேட ஆரம்பித்துவிட்டேன்.

புதுப் படகும் புது இன்ஜினும் வாங்க லட்சங்கள் வேண்டும். அப்பா சம்மதிக்க மாட்டார். அதனால் பழசு.

முதலில் பார்த்த படகு பளபளவென்று நீல பெயிண்டில் இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. சுத்தியலின் கைப்பிடியால் படகின் பின்பலகையைத் தட்டிக்கொண்டே போனார். அதுதான் இன்ஜினை மாட்டும் இடம். டக், டக், டக்... ஓரிடத்தில் மட்டும் "தொப்" என்றது.

"உள்ள பலகை ஊறிப்போச்சு தம்பி. வேணாம், வா."

பல ஃபைபர் படகுகளில் பின்பலகை முழுக்க ஃபைபர் கிடையாது. வெளியே இருபுறமும் ஃபைபர், நடுவில் மரப்பலகை. போல்ட் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பலகை உளுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் நடுக்கடலில் இன்ஜினின் இழுப்புத் தாங்காமல் பலகை பிய்த்துக்கொள்ளும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டிப் பார்க்கிறோமே, அதே வித்தைதான். நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்திருந்தால் ஓசை மழுங்கிக் கேட்கும். லியோபோல்ட் ஆவன்புருக்கர் என்ற மருத்துவர் 1761-ல் வியன்னாவில் இந்த முறையை வெளியிட்டார். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு மது இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து மகனுக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள்.

இரண்டாவது படகு பார்க்கவே சகிக்காது. 18 அடி, பெயிண்ட் உரிந்து, ஓரமெல்லாம் சிராய்ப்பு. அப்பா தட்டினார். எங்கும் ஒரே ஓசை. 9.9 குதிரைசக்தி பழைய அவுட்போர்டு இன்ஜினோடு 70,000 ரூபாய்க்கு முடித்தோம்.

மெக்கானிக் வந்து பார்த்தார். "பாடி நல்லாருக்கு சார். ஆனா இன்ஜின் ரெண்டு மூணு வருசமா சும்மா கெடந்துருக்கு. தண்ணி பம்புல இருக்குற ரப்பர் இம்பெல்லர மாத்தணும், பெட்ரோல் டியூப மாத்தணும். மத்ததெல்லாம் அப்புறம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் பெயிண்ட் அடித்தேன். அப்பா உட்கார மெத்தை வைத்த இருக்கை போட்டேன். 12,000 ரூபாய் ஆனது. இம்பெல்லரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இன்ஜின்தான் நன்றாக ஓடுகிறதே!

பிபி மாத்திரையைத் தள்ளிப்போட்டுவிட்டுச் சத்து மாவு டப்பா வாங்கும் நோயாளியை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

ஒரு ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினோம். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. அப்பா பேசவே இல்லை, சிரித்துக்கொண்டே வந்தார். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ரப்பர் கருகும் வாசம் வந்தது. இன்ஜின் திணறியது. நின்றுவிட்டது.

அதற்குள் கச்சான் காற்று எழும்பியிருந்தது. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. எங்கள் கரை கிழக்கைப் பார்த்தது. அப்படியென்றால் காற்று எங்களைக் கரையை விட்டுத் தள்ளுகிறது.

நான் துடுப்பை எடுத்து வெறிபிடித்தது போல வலித்தேன். கரை கிட்டே வரவில்லை. அப்பா இன்னொரு துடுப்புக்குக் கை நீட்டினார். "நீங்க தொடாதீங்கப்பா!" என்று கத்திவிட்டேன். ஸ்டென்ட் வைத்த நெஞ்சு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கரையில், பைக் பெட்டிக்குள். நான் மருத்துவன்!

அப்பா பதறவில்லை. "மொதல்ல நங்கூரத்தப் போடு. ரெண்டு பாகம் தண்ணிதான். நின்னுட்டு யோசிப்போம்."

போட்டேன். படகு நின்றது. நீளமான கயிறு வேண்டும் என்று அவர் பிடிவாதமாக வாங்க வைத்தது அப்போதுதான் புரிந்தது. கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருந்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும். அவசர சிகிச்சையிலும் இதே பாடம்தான். குணப்படுத்துவது பிறகு, முதலில் நிலைமை மேலும் கெடாமல் நிறுத்து.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு வள்ளம் எங்களைக் கட்டி இழுத்து வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். தண்ணீர் உறிஞ்சும் வாயில் கடல்புல் அடைத்திருந்தது. காய்ந்து விறைத்த இம்பெல்லரின் இறக்கைகள் பாதி உடைந்திருந்தன. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டியது, பிஸ்டன் வரை போய் 18,000 ஆனது.

"ஓட்டும்போது பக்கத்துல இந்தத் தொளைல தண்ணி பீச்சணும் சார். அது ஒன்னுக்குப் போகுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். நின்னா இன்ஜின ஆஃப் பண்ணிடணும்."

தலை குனிந்தேன். ஐசியு ரவுண்ட்ஸில் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "யூரின் எவ்வளவு போயிருக்கு?" பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு அரை மில்லியாவது போக வேண்டும். குறைந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. தினமும் இதை அளப்பவன், அப்பாவை ஏற்றிக்கொண்டு போன இன்ஜினில் அதைப் பார்க்கவில்லை. அப்பா ஓட்டியது பாய் வத்தை. இன்ஜின் என் பொறுப்பு.

பழைய படகு வாங்குபவர்களுக்கு, என் அனுபவத்திலிருந்து:

பின்பலகையையும் அடித்தளத்தையும் தட்டிப் பாருங்கள். ஓசை மழுங்கினால் விட்டுவிடுங்கள்.

எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் கூடாது.

கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

சும்மா கிடந்த இன்ஜின் என்றால் இம்பெல்லர், பெட்ரோல் டியூப் இரண்டையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள்.

பதிவுக் காகிதங்களும் இன்ஜின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், நங்கூரம், நீளமான கயிறு, துடுப்பு, தண்ணீர் படாத உறையில் போன். கடலோரக் காவல் உதவி எண் 1093. கடலோரக் காவல்படை 1554.

படகின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சரிசெய்யும் செலவும் சேர்ந்ததுதான் விலை. அந்தச் செலவில் உயிரைக் காப்பது முதலில், பெயிண்ட் கடைசியில்.

இதய நோயாளியைக் கடலுக்குக் கூட்டிப் போவதாக இருந்தால், அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மாத்திரை அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு போகிறோம். இன்ஜினைக் கிளப்பியதும் அப்பா கேட்பார்.

"போகுதா?"

"போகுதுப்பா."

"மாத்திர?"

"உங்க பையிலதான் இருக்கு."

பிறகுதான் கரையை விட்டு நகர்வோம்.