பெயர்ச்சீட்டு இல்லாத பொருள்கள்

ஒரு நாடு தன் கடந்த காலத்தில் எவற்றைப் போற்றுகின்றது, எவற்றை மறந்திருக்கின்றது என்பதை அறிய விழைவோர், அந்நாட்டின் தலைநகரிலுள்ள நூதனசாலைக்கு ஒருமுறை சென்று வருதல் நன்று. ஈழத்துத் தமிழில் அவ்விடத்துக்கு வழங்கும் பெயரே சிந்தனைக்குரியது. நூதனம் என்பதன் பொருள் புதுமை. பழம்பொருள்களைக் காக்கும் இல்லத்துக்கு இப்பெயரை இட்டோர், காண்பவனுக்குப் பழமையே புதுமையாய்த் தோன்றும் என்று கருதினர் போலும். சென்னை எழும்பூர் நூதனசாலை 1851ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அந்நகரத்துப் பொதுமக்கள் அதனைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். கல்லூரி வாயிலை மிதித்தறியாத எளிய மக்கள் இவ்விரண்டையும் கல்லூரிகளாகவே கண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நான் சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைப் பகுதியிலுள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்திற் பிறந்தவள். இன்று கலைப்பீடத்தில் வரலாறு பயில்கின்றேன். எங்கள் தோட்டத்துக்கும் கொழும்புக்கும் இடையே பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணமே உண்டு. எனினும், முப்பத்திரண்டு ஆண்டுகள் பால் வெட்டிய என் தந்தையார் அந்நகரில் அறிந்தவை புறக்கோட்டைப் பேருந்து நிலையமும் பெரியாஸ்பத்திரியும் மட்டுமே. சென்ற விடுமுறையில் அவரை அழைத்துக்கொண்டு நூதனசாலைகளைக் காணப் புறப்பட்டேன். நூல்களிற் படித்தவற்றை அவருக்குக் காட்டவேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் அன்று முழுவதும் அவர் கேட்ட கேள்விகளே எனக்குப் பாடமாயின.

கொழும்புத் தேசிய நூதனசாலை 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி திறந்துவைக்கப்பட்டது. தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் எழுந்தது அது. ஜேம்ஸ் சிமிதர் அதன் கட்டடக் கலைஞர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார். இவரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. திறப்பு விழாவில், "உமக்கு யாது பரிசு வேண்டும்?" எனத் தேசாதிபதி வினவ, வெள்ளிக்கிழமைகளில் இந்நூதனசாலையை மூடிவைத்தல் வேண்டும் என்று இவர் வேண்டினாராம், அவ்வேண்டுகோள் நெடுங்காலம் மதிக்கப்பட்டதாம். இதனைச் சொன்னபோது தந்தையார் மகிழ்ந்தார். "கட்டினவரு பேரு தெரியுதே, அதுவே பெரிசு" என்றார்.

நுழைவு மண்டபத்தில் அனுராதபுரத்துத் தொலுவிலயிற் கண்டெடுக்கப்பட்ட புத்தர் சிலை அமர்ந்த கோலத்தில் விளங்குகின்றது. மனிதனொருவனின் உயரத்துக்கு அமைந்த கருங்கற் சிலை அது. அதன் காலம், இடம், சிற்ப அமைதி ஆகியவற்றை நான் விளக்கத் தொடங்கினேன். பொறுமையுடன் கேட்டிருந்த தந்தையார், "அனுராதபுரத்துல இருந்து இத யாரு புள்ள தூக்கிக்கிட்டு வந்தா?" என்று வினவினார். பெயர்ச்சீட்டில் அதற்கு விடை இல்லை என்றேன். "தூக்கினவங்க பேர எங்கயும் எழுதுறதில்ல" என்று கூறிவிட்டு அடுத்த கூடத்துக்கு நடந்தார். அக்கூற்றிற் கசப்பு எதுவும் இருக்கவில்லை. மழை பெய்தால் பால் வெட்ட இயலாது என்று கூறும்போது அவர் குரல் எவ்வாறிருக்குமோ அவ்வாறே இருந்தது.

செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்தில் அவர் நெடுநேரம் நின்றார். பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளிற் கிடைத்த நடராசர், சுந்தரமூர்த்தி நாயனார் முதலிய வடிவங்கள் சோழர் காலத்துக் கலைமரபின் தொடர்ச்சியைக் காட்டுவன. எனக்கு அவை கலைவரலாற்றுச் சான்றுகள். தந்தையாரோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். காவலர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கூறவில்லை. கண்ணாடிக்குள் வைத்தமையால் மட்டும் ஒரு பொருள் தன் பழைய உறவுகளை இழந்துவிடுவதில்லை என்பதை அவ்வேளை உணர்ந்தேன்.

அடுத்து, கண்டி அரசரின் சிம்மாசனம். 1693ஆம் ஆண்டு ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் ரீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த பரிசு அது. 1815இற் கண்டி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அதனை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றனர். 1934இற்றான் அது இலங்கைக்கு மீண்டது. அதற்குரிய கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் மதுரையோடு உறவு பூண்ட நாயக்கர் குலத்தவன். வேலூரிற் சிறையிருந்து 1832இல் மறைந்தவன். இதனைக் கேட்ட தந்தையார், "அப்ப ராசாவும் நம்மளும் ஒரே பக்கத்து ஆளுங்க" என்று நகைத்தார். அந்நகைப்பினுள் ஒரு வரலாறு அடங்கியிருக்கின்றது. அம்மன்னன் கடல்கடந்து கொண்டுசெல்லப்பட்ட சில ஆண்டுகளுள், 1820களில், கோப்பித் தோட்டங்கள் தோன்றின. மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து உழைப்பாளர் எதிர்த்திசையிற் கடல் கடந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். மன்னனின் ஆசனம் கண்ணாடியினுள் இருக்கின்றது. நடந்து வந்தோரின் ஊன்றுகோல் ஒன்றையேனும் நான் அக்கூடங்களிற் காணவில்லை.

கல்வெட்டுக் கூடத்தில் எங்களைத் தடுத்து நிறுத்தியது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் கே கொணர்ந்த இக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனத்திற் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளை அது பதிவுசெய்கின்றது. 1911இற் காலி நகரிற் கண்டுபிடிக்கப்பட்டபோது அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. எத்தனை வண்டிகள், எத்தனை கால்கள் அதன் முதுகின்மேற் சென்றிருக்கும்! எவரோ ஒருவர் புரட்டிப் பார்த்தமையால் அது இன்று வரலாறாயிற்று.

எங்கள் சப்பிரகமுவவும் இவ்வாறு புரட்டிப் பார்க்கப்பட்ட நிலமே. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவிற் கிடைத்த கல்வெட்டில், ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றியைப் பாடும் தமிழ் வெண்பா ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது, எச். சி. பி. பெல் தமது கேகாலை மாவட்ட அறிக்கையில் 1892இல் அதனை வெளியிட்டார். இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளிற் கிடைத்த எலும்புகளையும் பற்களையும் பி. ஈ. பி. தெரணியகல ஆராய்ந்து, நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் ஒருகால் இங்கு வாழ்ந்தமையை நிறுவினார். மாணிக்கம் தேடிய தொழிலாளி, கழிக்கும் கல்லோடு எலும்பையும் வீசியிருப்பின் அவ்வறிவு நமக்குக் கிடைத்திராது. தேசிய நூதனசாலையை அடுத்து 1986இல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று நூதனசாலையிலும், புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால மாளிகையில் 1982 முதல் இயங்கிய நூதனசாலையிலும் காணத்தக்கவை பல உண்டு. அவற்றை விரிப்பிற் பெருகும்.

நூதனசாலை எழுந்த காலத்தையும் இங்கு நினைத்தல் வேண்டும். 1870கள் கோப்பியின் செழிப்புக் காலம். இலைகளைத் தாக்கிய நோய் 1869இலேயே தலைகாட்டிவிட்டதெனினும், அரசாங்க வருவாய் அப்போது பெருகியே இருந்தது. அவ்வருவாய்க்கு அடியில் இருந்தது மலைநாட்டுக் கூலிகளின் உழைப்பு. அவ்வகையில், அந்த வெண்ணிற மாளிகையில் எங்கள் முன்னோரும் பங்குடையோர். பங்குக்குரிய பத்திரந்தான் அவர்களிடம் இல்லை.

கொழும்பிற் காணாததை மலைநாட்டிற் காணலாம் என்று எண்ணி, மறுமாதம் கண்டி அந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலைக்குத் தனியே சென்றேன். 1925இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைச் செப்பனிட்டு 2001இல் இதனைத் திறந்தனர். கொழுந்தை உருட்டிய இயந்திரங்களும் உலர்த்திய இயந்திரங்களும் அங்குத் துடைத்துப் பளபளப்பாக வைக்கப்பட்டுள்ளன. 1867இல் லூல்கந்துரவிற் பத்தொன்பது ஏக்கரிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் உள. 1892இல் அவர் இறந்தபோது, இருபத்துநான்கு தொழிலாளர் முறைமாற்றி அவருடலைக் கண்டி வரை சுமந்து சென்றனர் என்பர். சுமந்தோரின் தொகை நமக்குத் தெரிகின்றது. ஒருவரின் பெயரேனும் தெரியவில்லை. தந்தையார் தொலுவிலப் புத்தரின் முன் கூறியது அங்கே என் நினைவுக்கு வந்தது.

இக்குறையை உணர்ந்தோரும் உளர். கம்பளையை அடுத்த பாரதெக்கவில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு நூதனசாலையையும் ஆவணக் காப்பகத்தையும் அமைத்தது. பழைய லயக் காம்பராக்களே அங்குக் காட்சிக்கூடங்கள். கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, அடுப்படிப் பாத்திரங்கள், தப்பு முதலியன மாளிகைக்கு இடம்பெயராமல், தாம் வாழ்ந்த இடத்திலேயே இருக்கின்றன. மொரீசியசுத் தீவில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய 'ஆப்ரவாசி காட்' படித்துறை 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அப்பெருமைக்கு ஒப்பாக எம்மிடம் உள்ளது இச்சிறு லயம் ஒன்றே. அதுவும் தேயிலைக்குரியது. இறப்பரின் கதையில், 1876இற் பிரேசிலிலிருந்து விதை கொணர்ந்த விக்கமின் பெயரும், அக்கன்றுகள் வந்து சேர்ந்த ஹெனரத்கொடைப் பூங்காவின் பெயரும் நூல்களில் உண்டு. விடியற்காலையில் நெற்றி விளக்குடன் மரத்துக்கு மரம் சென்றோரைப் பற்றி ஒரு கூடமும் இல்லை.

ஏழைகளின் பொருள்கள் நூதனசாலைக்கு வாராமைக்குக் காரணம் புறக்கணிப்பு மட்டுமன்று. அரசரின் வாள் உறையிற் கிடந்து நிலைக்கின்றது. தொழிலாளியின் கத்தி தீட்டித் தீட்டித் தேய்ந்து மறைகின்றது. எஞ்சியவற்றுக்கும் இப்போது இறுதிக் காலம் வந்துள்ளது. எங்கள் லயத்தை உடைத்து அங்குத் தனி வீடுகள் கட்டவிருக்கின்றனர். எங்கள் தலைமுறை வேண்டி நின்ற நற்பேறு அது; லயம் ஒழிவதற்காக எவரும் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. ஆனால் வீடு மாறும் நாளில், பழைய இரும்பு வாங்குபவர் வாயிலில் வந்து நிற்பார்.

என் அப்பாயி ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கின்றார். பாட்டனாரின் பால்வெட்டும் கத்தி, கறுத்துப்போன இரண்டு சிரட்டைகள், சில கடிதங்கள், குடியுரிமை விண்ணப்பத்துக்குக் கிடைத்த ஒரு பற்றுச்சீட்டு ஆகியவை அதனுள் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராகிய எம்மவரை, 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் விதி பின்னர் முடிவாயிற்று. அப்பங்கீட்டில் அப்பாயியின் தம்பி குடும்பத்துடன் தலைமன்னாரிற் கப்பலேறிக் கோத்தகிரிக்குச் சென்றார். கடிதங்கள் அவர் எழுதியவை. "இதெல்லாம் எதுக்கு, போற எடத்துக்குக் குப்பையா?" என்று அப்பாயி கேட்டபோது, நான் வரலாறு பேசவில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, நூதனசாலைச் சீட்டுகளின் முறைப்படி, பொருளின் பெயர், ஆக்கிய பொருள், காலம், இடம் என்று எழுதத் தொடங்கினேன். உரியவர் பெயர் என்னும் ஐந்தாவது பகுதியை நானே சேர்த்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்திற் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று ஒருவர் இருவரல்லர். விடுமுறைக்கு வீடு செல்லும் ஒவ்வொருவரும் தத்தம் லயத்தில் பத்துப் பொருள்களைப் பதிவுசெய்வாராயின், மாளிகையோ மானியமோ வேண்டாது ஒரு நூதனசாலைக்குரிய பட்டியல் உருவாகிவிடும். பொருளை வைக்க இடம் பின்னர் கிடைக்கலாம். பொருளின் கதை அறிந்த முதியோர் பின்னர் கிடைக்கமாட்டார். விரிவுரையாளர்கள் இப்பணியை ஒரு பாடப்பயிற்சியாக ஏற்பின் அது மேலும் செம்மையுறும்.

எங்கள் வீட்டுக் கொப்பியில் இதுவரை பதினான்கு பொருள்கள் ஏறியுள்ளன. இரண்டாம் நாள் மாலை, இரும்புக்கடைக்கென ஒதுக்கி வைத்திருந்த மூட்டையைத் தந்தையாரே அவிழ்த்தார். பாட்டனாரின் கத்தியை எடுத்துத் தந்து, நான் எழுதியதை வாசிக்கச் சொன்னார். கேட்டபின், "பிடி போட்டவரு பேரு விட்டுப் போச்சு" என்று கூறி, மேல்லயத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் பெயரைச் சொன்னார். அதனையும் எழுதிக்கொண்டேன். அடுத்த விடுமுறையில் மேல்லயத்துக்குச் செல்லவேண்டும்.