மைக்ரான் கணக்கில் ஒரு மினுமினுப்பு

கலிபோர்னியாவின் மான்டரேயில் ஆகஸ்ட் மாதத்திலும் பல் கிட்டும் குளிர்! பசிபிக் கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி சைப்ரஸ் மரங்களின் உச்சியை மறைத்திருந்தது. அந்தக் காலையில் நான் போய் நின்றது ஒரு கார் ஷெட்டில். மறுநாள் ஞாயிறு, பெபிள் பீச்சில் பழைய கார்களின் அழகுப் போட்டி. 1950-இல் ஒரு கார் பந்தயத்தோடு சேர்த்துச் சிறிதாகத் தொடங்கியது; இன்று அதன் புல்வெளியில் இடம் கிடைப்பதே பெரிய கௌரவம்.

உள்ளே மெழுகும் கரைப்பானும் கலந்த இனிப்பு வாசனை. ஓரமாக நின்ற புதுக் கறுப்புக் காரைக் காட்டி, "எப்படி இருக்கிறது?" என்றார் பாலிஷ் போடுபவர். கண்ணாடியாக மின்னுகிறதே என்றேன். விளக்கை அணைத்துவிட்டு பானெட்டில் டார்ச் அடித்தார். அடேயப்பா! வெளிச்சத்தைச் சுற்றி வட்டவட்டமாக ஆயிரம் கீறல்கள். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகின்றனவாம். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைத்தால் இதுதான் கதி என்றார். நம் ஊர்த் தெருக்களில் காலைதோறும் நடக்கும் துடைப்பு என் கண்முன் ஓடியது.

அடுத்து என் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டி, கழுவிய கதவைத் தடவச் சொன்னார். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த இடம், பைக்குள்ளிருந்த விரலுக்குச் சொரசொரத்தது! ஒட்டிக்கிடந்த இரும்புத் துகள்களும் பிசினும்தான் காரணம். பிசைந்த களிமண் போன்ற கட்டியை, வழுக்குவதற்கு நீர் தெளித்து, மேலே ஓட்டி அவற்றை எடுத்தார்.

பிறகு ஒரு சின்னக் கருவியை பானெட்டில் வைத்துப் பெயிண்டின் கனத்தை அளந்தார். மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் சுமார் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை, கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள பரப்பைச் சீவி இறக்குகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. அதனால்தான் பெயிண்ட் மெலிந்திருக்கும் விளிம்புகளுக்கெல்லாம் மாஸ்கிங் டேப். முதலில் ஓர் ஓரத்தில் சோதனை. அதுவும் இருப்பதிலேயே மென்மையான பாலிஷில்!

மிஷின் உறுமியது. அதன் நுரைப் பஞ்சு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே ஊசலாடவும் செய்கிறது. பஞ்சைத் தாங்கும் தட்டில் கறுப்பு மையால் ஒரு கோடு. கோடு சுழல்வது தெரிந்தால் அழுத்தம் சரி. நின்றுவிட்டால் கை அதிகம் அழுத்துகிறது. என்ன எளிமையான தந்திரம்! முடிந்ததும் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்தார். பாலிஷின் எண்ணெய் கீறலை மறைத்து ஏமாற்றுமாம். மறுபடி டார்ச். வட்டங்களைக் காணோம், ஆழமான ஒரு கோடு மட்டும் மிச்சம். "அது இருக்கட்டும்" என்றார். அதைத் துரத்தினால் கிளியர் கோட்டே போய்விடும்.

அடுத்தது, மறுநாள் போட்டிக்குப் போகும் சிவப்புக் கார். அதற்குக் கிளியர் கோட்டே கிடையாது. பழைய லாக்கர் பெயிண்ட். மெல்லத் தேய்த்ததும் பஞ்சு சிவந்தது. காரின் நிறமே கையோடு வருவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதைத்தது. மேல்பூச்சு கார்னோபா மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து உதிர்த்து எடுப்பது. படத்தில் பார்த்தேன்: நம் பனையைப் போலவே விசிறி ஓலை!

ஞாயிறு விடியுமுன் கூட்டம் கூடிவிட்டது. இருட்டிலிருந்து ஒவ்வொரு காராக உறுமிக்கொண்டு புல்வெளி ஏற, பெட்ரோல் வாசனையும் உப்புக் காற்றும் கலந்தன. கார்மேல் படியும் பனித்துளிகளை ஒற்றி எடுக்க மைக்ரோஃபைபர் துணியோடு ஆட்கள் ஓடினார்கள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது, புதுப்பிக்காமல் காப்பாற்றிய கார்களுக்கென்றே உள்ள பிரிவு. மங்கி, வெடித்து, உரிந்த பெயிண்ட், அதற்கும் பரிசு! இதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பாலிஷ்காரரிடம் கேட்டேன். "தூசி தட்டுவேன். மிஷினைத் தொடமாட்டேன்" என்றார், யோசிக்காமலே. இனிப் பளபளக்கும் காரைக் கண்டால், எவ்வளவு மின்னுகிறது என்று பார்ப்பதோடு நிற்கமாட்டேன். அடியில் பெயிண்ட் எவ்வளவு மிச்சம் என்றும் கேட்பேன்.