மீண்டும் ஆடிப் பார்த்தல்

கருநாடகத்தின் கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு முதல் பொன் அகழும் பணி பெருமளவில் நடந்தது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் பலர் அங்கு உழைத்தனர். சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டரைக் கடந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அது மூடப்பட்டது. வேலை தேடிப் பலர் நாள்தோறும் ரயிலில் பெங்களூருவுக்குச் சென்று திரும்பலாயினர். பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண், குன்றுகளாய் இன்றும் நிற்கிறது. கழிவெனக் கருதப்பட்ட அம்மண்ணிலும் சிறிதளவு பொன் எஞ்சியுள்ளது.

முடிந்துபோன சதுரங்க ஆட்டமும் அத்தகையதே. தோற்றவர் காய்களை வாரிப் பெட்டியில் இட்டுவிட்டால், அதில் எஞ்சிய பொன் எவருக்கும் கிட்டாது.

அவ்வூர் மன்றம் ஒன்றில், சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவரும் ரயிலில் வேலைக்குச் சென்றுவரும் இளைஞரும் ஆடுவதாகக் கொள்வோம். வெள்ளைக் காய் இளைஞருடையது. இருவரும் அரசன் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகின்றனர். வெள்ளைக் குதிரை கறுப்புக் காலாளைத் தாக்குகிறது. கறுப்புக் குதிரை அதைக் காக்கிறது. வெள்ளை அமைச்சர் வெளிவருகிறார். உடனே கறுப்புக் குதிரை காவலை விட்டு நடுக்களத்திற்குத் தாவுகிறது. காவலற்ற காலாளை இளைஞர் வெட்டுகிறார். கறுப்பு அரசி பாய்ந்து வருகிறாள். ஏழாம் நகர்த்தலில், தன் காய்களே சூழ்ந்து நிற்க, வெள்ளை அரசன் வீழ்கிறான்.

“அமைச்சரை அரசன் முன் நிறுத்தியதுதான் பிழை, ஐயா,” என்கிறார் இளைஞர்.

“அப்போது உனக்கு வேறு நல்ல வழியில்லை, தம்பி. இன்னும் பின்னோக்கிப் போ,” என்கிறார் பெரியவர்.

காய்களை மீண்டும் அடுக்கி, ஒவ்வொரு நகர்த்தலாக ஆடிப் பார்க்கின்றனர். ஐந்தாம் நகர்த்தலில் இளைஞர் அரசியையும் யானையையும் ஒருங்கே தாக்க எண்ணி, குதிரையால் மற்றொரு காலாளை வெட்டியிருந்தார். அந்த ஆசையை அடக்கியிருந்தால் போராட வழியிருந்தது. நான்காம் நகர்த்தலிலோ, காலாளை விட்டு நடுவில் நின்ற குதிரையையே வெட்டியிருந்தால் இடரே நேர்ந்திராது. வென்ற பெரியவரும் தம் குதிரைப் பாய்ச்சல் வலியதன்று, எதிரியின் ஆசையை நம்பியது என்று ஒப்புகிறார்.

தோல்வி வெளிப்பட்ட இடம் வேறு. அது தொடங்கிய இடம் வேறு. கடந்த நாளை எவரும் திரும்ப வாழ இயலாது. ஆட்டத்தையோ திரும்ப ஆடலாம். வேரைக் காணும் பழக்கத்தை அதிலேயே கற்கலாம்.