பினாங்கில் இறங்கிக்கொள்கிறோம்

"கப்பல் பினாங்கில் எத்தனை நாள் நிற்கும்?" என்று நான் கேட்டதும் பயண முகவர் பெண் சிரித்துவிட்டார். "நாளா? காலையில வரும், சாயந்திரம் போயிடும்க்கா. புறப்படறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எல்லாரும் ஏறியிருக்கணும்."

சுங்கை ஆயர் தாவாரில் கடல் எங்களுக்கு எட்டும் தூரம்தான். ஆனால் அது காலை நனைக்கிற கடல் இல்லை. சேறும் கண்டல் மரமும் மீன்பிடிப் படகுமாக இருக்கிற கடல். தென்னைக்கும் செம்பனைக்கும் நடுவில் வளர்ந்த எனக்குக் கப்பல் என்றால் அப்பா சொன்ன கதைகளில் வருவது. ஐம்பத்தைந்து வயதில் ஒரு கப்பலில் ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல. மகள் ஜனவரியில் மெல்பர்னுக்கு வேலைக்குப் போகிறாள். அவளுக்கு வயது 26. ஷா ஆலாமில் மருந்தாளராக இருக்கும் அவளையே மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறோம். மகனுக்கு 23, பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அண்ணன் மகளுக்கு 21, தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்பு. மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் ஒரு வாரம் இருப்பது இதுவே கடைசியாக இருக்கலாம். கடைசி என்ற சொல்லை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

முகவர் காட்டிய பயணம் எளிமையானது. போர்ட் கிள்ளானில் ஏறி, புக்கெட் போய், திரும்பும் வழியில் பினாங்கைத் தொட்டு, மறுநாள் போர்ட் கிள்ளானில் இறங்குவது. விலையும் கையைக் கடிக்கவில்லை. நான் போட்ட கணக்கில்தான் ஓட்டை இருந்தது. 'எட்டு மணி நேரம் நிறுத்தம்' என்று தாளில் இருந்தால் எட்டு மணி நேரம் நம் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் பாத்தோங் கடற்கரைக்கு எட்டத்தில் நங்கூரமிடும். சின்னப் படகுகளில்தான் ஆட்களைக் கரை சேர்ப்பார்கள். இறங்க ஒரு வரிசை, ஏற ஒரு வரிசை. கடைசி ஒரு மணி நேரத்தையும் கழித்தால் கையில் ஐந்து மணி நேரம் மிஞ்சினால் பெரிய விஷயம். இருபது வயதுப் பிள்ளைகள் எழுந்து தயாராக ஒரு மணி நேரம். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால்தான் ஒரு தீவில் இரண்டு மூன்று நாளாவது தங்க வேண்டும் என்று நினைத்தேன். எந்தத் தீவு என்பதில் சண்டை வந்தது. மகளுக்கு லங்காவி. அண்ணன் மகளுக்கு எந்தத் தீவானாலும் சரி, காலை பத்து மணிக்கு முன் யாரும் எழுப்பக்கூடாது. நான் பினாங்கு என்றேன். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"அம்மா, நான் அங்கதான் வேலை செய்றேன் லா. வேலை செய்ற ஊருக்கே லீவு போட்டுட்டுப் போறதா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் என் காரணத்தை அதுவரை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

என் தாத்தா 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 19. அடுத்த ஆண்டே, 1938-இல், தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஓர் ஆண்டு தாமதித்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தக் காலத்தில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜுலா' கப்பலை நம் வீடுகளில் மூத்தவர்கள் இன்னமும் உறவுக்காரர் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார்கள். 1926-இல் கட்டப்பட்டு, எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. தாத்தா வந்தது அதிலா வேறொன்றிலா என்று அப்பாவுக்குத் தெரியாது. மேல்தளத்தில் பாய் விரித்து வந்தார், வழியெல்லாம் வாந்தி எடுத்தார் என்பது மட்டும் தெரியும்.

பினாங்கு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அவரைப் பினாங்கில் இறக்கவில்லை. ஜெரெஜாக் தீவில் இறக்கினார்கள். பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் இருக்கும் சின்னத் தீவு அது. கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த முகாம் அங்கேதான் இருந்தது. தாத்தா ஏழு நாள் இருந்தாராம். மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, உடுத்தியிருந்ததை வாங்கி நீராவியில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவருடைய அம்மா வழியனுப்பும்போது கொடுத்த புது வேட்டி சுருங்கி, கறையோடு திரும்பி வந்தது. ஏழு நாள் பட்டினியைப் பற்றியோ காய்ச்சலைப் பற்றியோ அவர் சொன்னதாக அப்பாவுக்கு ஞாபகமில்லை. அந்த வேட்டியைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இரவில் எதிர்க்கரையில் விளக்கு எரிவது தெரியும், அங்கே போக முடியாது என்றும் சொல்வாராம்.

இதை நான் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது மகன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஜெரெஜாக்கா? என் ஹாஸ்டல் ஜன்னல்ல தெரியும்மா. தினமும் பார்க்கிறேன். ஜெயில் இருந்த தீவுன்னு ஃபிரெண்ட்ஸ் சொன்னாங்க."

சிறையும் இருந்தது உண்மைதான், 1969 முதல் 1993 வரை. அதற்கெல்லாம் முன்பு, 19-ஆம் நூற்றாண்டிலேயே, தொழுநோயாளிகளுக்கான இல்லம் இருந்தது. சிறையை மூடிய பிறகு உல்லாச விடுதி வந்தது. அதையும் பின்னர் மூடிவிட்டார்கள். அந்த விடுதி நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் ஒருமுறை அங்கே போகலாமா என்று கேட்டதற்கு அப்பா சொன்னது நினைவிருக்கிறது: "எங்கப்பனச் சும்மா வச்சிருந்த எடத்துல நீ காசு கொடுத்துத் தங்கப் போறியா?"

மகன் வேறெதுவும் பேசவில்லை. மறுநாள் காலை ஏழரைக்கு, இரவு ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு படம் அனுப்பியிருந்தான். பச்சையாக ஒரு மேடு, முன்னால் தண்ணீர், ஓரத்தில் ஜன்னல் கம்பி. அப்பாவிடம் காட்டினேன். 82 வயது அவருக்கு. கைப்பேசியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "இவ்ளோ கிட்டவா இருக்கு" என்றார்.

தீவு முடிவானது. எப்படித் தங்குவது? கப்பலைப் பினாங்கிலேயே விட்டுவிடலாமே என்ற யோசனை அண்ணன் மகளுடையது. முகவரிடம் கேட்டேன். கடைசித் துறைமுகத்துக்கு முன் இறங்குவதென்றால் கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அனுமதிப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். பயணம் வெளிநாட்டைத் தொட்டு வருவதால் குடிநுழைவுச் சோதனையை அங்கேயே முடிக்க வேண்டும். மீதி ஓர் இரவுக்குப் பணம் திரும்பி வராது. சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு இறங்கிப் போனால் கப்பலில் ஆளைக் காணோம் என்று தேடுவார்கள். இப்படி ஒரு திட்டம் உங்களுக்கு இருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எங்களுக்குப் பதில் வர இரண்டு வாரம் ஆனது. அனுமதி கிடைத்தது.

என் கணவர் அதுவரை கேட்டது இரண்டே கேள்விகள். "கப்பல்ல சாப்பாடு சேர்த்தா?" என்பது முதலாவது. இரண்டாவதுதான் யாருக்கும் தோன்றாதது: "கார போர்ட் கிள்ளான்ல விட்டுட்டுப் பினாங்குல இறங்கினா, கார யாரு எடுத்துட்டு வருவா?" காரே வேண்டாம் என்றானது. என் தம்பி கொண்டுபோய் ஏற்றிவிடுவான். திரும்பும்போது ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து இடிஎஸ் இரயிலில் தாப்பா ரோடு, பிறகு தெலுக் இந்தான் வழியாக வீடு.

இனி, நான் செய்யாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே மூவரோடு கேமரன் மலைக்குப் போனோம். மணிவாரியாகத் திட்டம் எழுதி, தாள் எடுத்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். ஆறு பேருக்கு ஒரே பெரிய அறை, ஒரே குளியலறை. மூன்றாம் நாள் காலை தேயிலைத் தோட்ட வாசலில் மகள் காரை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். "எனக்கு இருபத்திரண்டு வயசும்மா. ஒண்ணுக்குப் போகக்கூட நீங்க டைம் போட்டு வச்சிருக்கீங்க" என்று அழுதாள். அன்று அவள் திமிராகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். மாலைவரை பேசவும் இல்லை. மெல்பர்ன் செய்தி வந்தபோது முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கார் கதவுதான்.

இந்த முறை பினாங்கின் மூன்று நாளில் ஒன்றைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். காலையில் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில். 1833-இல் எழும்பிய கோயில் அது. பிறகு பாயான் லெப்பாஸ் கரையோரம், ஜெரெஜாக்கைப் பார்த்தபடி கொஞ்ச நேரம். அவ்வளவுதான். இரண்டாம் நாள் மகனுடையது. பினாங்கு வேண்டாம் என்றவன் இப்போது எந்தக் கடை நாசி கண்டார், எந்தக் கடை செண்டோல் என்று பட்டியல் போடுகிறான். கொடிமலை இரயிலுக்கு வரிசை நீளும், முதல் நடைக்கே போக வேண்டும் என்கிறான். பத்து மணிக்கு முன் எழுந்திருக்க மாட்டேன் என்றவளோடு அவனே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். மூன்றாம் நாளுக்குத் திட்டமே இல்லை. யார் எங்கே போகிறார்கள் என்று நான் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் எல்லாரும் வர வேண்டும்.

அறைகள் மூன்று. பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. பணத்தையும் இந்த முறை ஒளிக்கவில்லை. மொத்தச் செலவை எழுதிக் குடும்ப வாட்சாப்பில் போட்டேன். முன்பெல்லாம் 'அது எங்க கவலை' என்று வாயை அடைத்துவிடுவேன். தொகையைப் பார்த்ததும் மகள் தங்குமிடத்துக்குத் தான் கொடுப்பதாகச் சொன்னாள். வேண்டாம் என்று எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டு, சரி என்று எழுதினேன். அதற்கு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. கடப்பிதழ்களை எடுத்துப் பார்த்ததில் என்னுடையது நான்கு மாதத்தில் காலாவதியாகிறது. ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் 200 வெள்ளி கட்டிப் புதுப்பித்தேன்.

அப்பா கப்பலுக்கு வரவில்லை. "கப்பல் வேணாம்மா, எங்கப்பன் எடுத்த வாந்தி போதும்" என்றார். ஆனால் இரயிலில் வந்து பினாங்கில் எங்களோடு சேர்ந்துகொள்கிறேன் என்று அவராகவே சொன்னார். அண்ணன் அழைத்து வருகிறான். அப்பா மகனுடைய அறையில் படுத்துக்கொள்வார்.

மகள் பாயான் லெப்பாஸ் பக்கம், கடலைப் பார்த்த விடுதியாகப் பார்த்து வைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் ஜெரெஜாக் தெரியும், தாத்தாவுக்குப் பிடிக்கும் என்று படத்தைக் காட்டினாள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பகல்ல போய்ப் பார்க்கலாம்மா. ராத்திரி தூங்கறதுக்கு வேற பக்கம் பாரு."

அன்றிரவே அவள் ஜார்ஜ்டவுனில் வேறு விடுதிக்கு மாற்றினாள். அறைக்கு நாற்பது வெள்ளி கூடுதல்.